லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர்கள் ஓப்பன் சோர்ஸ்தானே? ஃப்ரீபிஎஸ்டிக்கு அவற்றை அப்படியே எடுத்துவர ஏன் இத்தனை காலம் ஆகிறது?

புது லேப்டாப் வாங்கி, லினக்ஸ் போன்ற இன்னொரு திறமூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி, திரையில் பட்டை பட்டையாகப் பெரிய எழுத்துகளைப் பார்த்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் இதே கேள்வியைக் கேட்டு என் பழைய மேலாளர் பல வாரங்கள் என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். எனவே பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஃப்ரீ86 (அந்நாளைய திரைச் சாளர மென்பொருள்) காலத்தில், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இருந்த டிஆர்எம் என்ற கிராபிக்ஸ் பகுதி சின்னது. லினக்ஸுக்கும், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி அடங்கிய பிஎஸ்டி குடும்பத்துக்கும் பொதுவான நிரலை ஒரே இடத்தில் வைத்துப் பராமரித்தார்கள். 2008 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6.28இல் ஜெம் என்ற நினைவக மேலாண்மை சேர்ந்தது. அடுத்த பதிப்பில் திரையின் அளவைக் கர்னலே அமைக்கும் கேஎம்எஸ் இன்டெலுக்கு வந்தது. அதன்பின் டிரைவர், கர்னலின் நினைவகம், பூட்டுகள், வேலை வரிசைகள், ஆர்சியூ (பூட்டாமலே பொதுத் தரவைப் படிக்கும் முறை) என்று எல்லாவற்றிலும் கை வைக்கத் தொடங்கியது. வெளியூர்ச் சமையல்காரரை அழைத்தால் அவர் தமக்குப் பழகிய பாத்திரங்களின் பட்டியலை நீட்டுவார் இல்லையா, அதே நிலைமை. ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸ்கேபிஐ என்று ஒன்று இருக்கிறதே, லினக்ஸ் டிரைவர் கேட்கும் அந்தச் சாமான்களை ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த உலோகத்தில் வார்த்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதுவும் முதலில் கிராபிக்ஸுக்காக எழுதப்பட்டதல்ல. இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்கின் டிரைவர்களுக்காக வந்தது.

அதற்கு முன்பு கையாலேயே மாற்றி எழுதினார்கள். ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளையின் நிதியில் கான்ஸ்டான்டின் பெலூசோவ் செய்த இன்டெல் வேலை, 2012 இறுதியில் 9.1 பதிப்போடு வந்தது. அதற்குள் லினக்ஸ் எங்கோ போய்விட்டிருந்தது. கர்னலுக்குள்ளிருக்கும் இடைமுகங்களை நிலையாக வைத்திருக்க மாட்டோம் என்று லினக்ஸ்காரர்கள் ஆவணமே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு செயல்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரை மாற்றினால், அதே நாளில் தங்கள் மூல நிரல் தொகுப்பிலுள்ள எல்லா டிரைவர்களையும் திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பவன் பிறகு தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நெட்பிஎஸ்டி 10.0 வெளிவந்தது 2024இல். அதிலுள்ள டிஆர்எம் 2020இல் வந்த லினக்ஸ் 5.6இனுடையது. இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் ஒரே ஒரு நிரல் ஃபைலையாவது மாற்றிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்போது என் கதை. நான் வேலை பார்த்த சிறிய நிறுவனத்தில் ஃப்ரீபிஎஸ்டி ஓடும் பெட்டிகளைத் தயாரித்தோம். வாடிக்கையாளரின் சுவரில் மாட்டிய பெரிய திரையில் நிலவரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை வந்திறங்கிய மதர்போர்டுகளில் புதிய இன்டெல் சிப் இருந்தது. எங்களிடமிருந்த டிரைவருக்கு அது அறிமுகமில்லை. "சோர்ஸ்தான் இருக்கிறதே தம்பி, எடுத்துப் போட்டுவிடு, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம்" என்றார் மேலாளர். எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இல்லாத செயல்கூறுகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒரு வழியாக நிரல் கம்பைல் ஆகி, படமும் வந்தது. அலுவலகத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. பெட்டியை இயக்கிப் பத்து நிமிடம் ஆனதும் திரை உறைந்தது. மறுபடி இயக்கினால் மறுபடியும் அதே பத்தாவது நிமிடம். சூடு என்றார் ஒருவர், கேபிள் என்றார் இன்னொருவர். சூடும் கேபிளும் இவ்வளவு கடிகார ஒழுக்கத்தோடு வேலை செய்யாது.

அப்போதைய ஃப்ரீபிஎஸ்டி கர்னலில் நேரத்தை எண்ணும் டிக்ஸ் என்ற மாறி, 32 பிட் குறியுள்ள எண். அது நிரம்பி எதிர்மறைக்குத் தாவும்போது வெளிப்படும் பிழைகளைச் சீக்கிரம் பிடிப்பதற்காகவே, கணினி கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் தாவும்படி தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் அதற்கு ஈடான ஜிஃபீஸ் 64 பிட் கணினியில் 64 பிட். அதை நம்பி டிரைவரில் ஓரிடத்தில் இரண்டு நேரங்களை நேரடியாகக் கழித்திருந்தார்கள். அங்கே அது பிழையே அல்ல. எங்கள் பெட்டியிலோ எண் தாவிய கணத்தில் கழித்தல் விடை பூதாகாரமாகிவிடும். சிப் பதில் சொல்லி யுகங்கள் ஆகிவிட்டன என்று முடிவு கட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை டிரைவரே ரீசெட் செய்துவிடும். திருத்தம் ஒரே வரி. அந்த ஒரு வரியைக் காட்டி "இதற்கா இத்தனை வாரம்?" என்று கேட்டார்கள் பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கிராபிக்ஸ் டிரைவரில் இன்னொரு கொடுமை, பிழைச் செய்தியைக் காட்ட வேண்டிய திரையே முதலில் செத்துவிடும். அந்தப் பெட்டியில், செய்தியை வேறு கணினியில் படிக்க உதவும் சீரியல் போர்ட் இருந்ததால் தப்பித்தோம். இப்போதைய லேப்டாப்புகளில் அது கிடையாது. பலவற்றில் நெட்வொர்க் கேபிள் செருகக்கூட இடமில்லை. மெலிவு, மெலிவு என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். போன வருடம் என் சொந்த லேப்டாப்பில் ஒரே ஒரு விசை உடைந்தது. விசைப்பலகையை மேல்மூடியோடு சேர்த்து அறைந்திருக்கிறார்களாம், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமாம். சர்வீஸ் சென்டர் பெண்மணி சொன்ன தொகைக்கு ஒரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றும் 'ப' அடிக்க வேண்டுமென்றால் தனி விசைப்பலகை செருகுகிறேன். சரி, இது உங்கள் கேள்வி அல்ல.

"என்விடியா மட்டும் ஃப்ரீபிஎஸ்டிக்கு டிரைவர் தருகிறதே" என்று யாராவது கிளம்பும் முன்: ஆம், தருகிறது. அதன் மூடிய மையப்பகுதி பல இயங்குதளங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் மெல்லிய ஒட்டு நிரல் போதும். திறந்த டிரைவர் ஒரே கர்னலோடு ஊறிப்போனது. ஆகவே இந்த விஷயத்தில் மட்டும் மூடியது எளிதாக ஊர் மாறுகிறது. இதைச் சொன்னதற்காக என்னைத் திறமூலத்தின் எதிரி ஆக்கிவிடாதீர்கள். ஓப்பன்பிஎஸ்டி ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019இல் 6.6 பதிப்பிலேயே ஏஎம்டி சிப்புகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரைத் தங்கள் கர்னலுக்குள் கொண்டுவந்தார்கள், மிகச் சிலரே அதைத் தொடர்ந்து புதுப்பித்தும் வருகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: பிசிஐகான்ஃப் கட்டளையில் சிப்பின் பெயரைப் பாருங்கள். லினக்ஸின் எந்தப் பதிப்பில் அதற்கு ஆதரவு வந்தது என்று தேடி, அந்தப் பதிப்பை ஒட்டிய அல்லது அதைவிடப் புதிய டிஆர்எம்-கேமாட் தொகுப்பு (ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றிய லினக்ஸ் டிரைவர்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுவுங்கள், சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேரையும் மறக்காமல். தொகுப்பு உங்கள் கர்னலின் அதே துணைப் பதிப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றியவுடன் கர்னல் சரியலாம், அப்போது போர்ட்ஸ் என்ற மூல நிரல் தொகுப்பிலிருந்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முதலில் கையால் ஏற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் தாங்கினால் மட்டும், கணினி கிளம்பும்போது படிக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் எழுதுங்கள்.