மாதச் சம்பளத்தில், அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு ஆரோக்கியமாகவும் சுற்றுச்சூழலைக் கெடுக்காமலும் வாழ முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் இதற்கு முன்னால் பதில் எழுதியவர்கள் காட்டிய இடத்தில் தொடங்காதீர்கள். மூங்கில் பல் துலக்கி, கண்ணாடி ஜாடி, இயற்கை முறை அரிசி, கூரையில் சோலார் தகடு என்று ஒருவர் பட்டியலே போட்டிருக்கிறார். பத்தாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் கூரைக்கு எங்கே போவார்? இன்னொருவர் வேலைக்கு சைக்கிளில் போகச் சொல்கிறார். எங்கள் மலேசியாவின் பினாங்கு வெயிலில், லாரிகளுக்கு நடுவே, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வரைக்கும் அவர் ஒருநாள் மிதித்துக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வியை வைத்துப் பார்த்தால் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று தோன்றுகிறது. காலையில் மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் ரொட்டி சானாயும் தே தாரே என்கிற டின் பால் தேத்தண்ணீரும், மத்தியானம் கேன்டீன், ராத்திரி அசதியோடு வரும்போது ஏதாவது தாப்பாவ், அதாவது கடைப் பொட்டலம். நான் சொல்வது தப்பாக இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். சரியாக இருந்தால், எந்தச் சாமானும் வாங்காதீர்கள். அந்தத் தாப்பாவில் கை வையுங்கள். உடம்பைக் கெடுப்பதும் குப்பைத் தொட்டியை நிரப்புவதும் அந்த ஒரே பொட்டலம்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை, சுற்றுச்சூழல் படித்தவளும் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் பட்டர்வொர்த் பக்கம் லாரி ஓட்டுகிறார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருப்பதாகச் சொன்னார்கள். 2023 ஆய்வில் 15.6 சதவீதம். நம் இந்தியர்களிடையே எப்போதும் அதைவிட அதிகம். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு மேசையில் பாதிப்பேர் மாத்திரை போட்டுவிட்டுத்தான் கேசரியைத் தொடுகிறார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு எச்பிஏ1சி பார்த்தார்கள். மூன்று மாதச் சீனி அளவின் சராசரியைக் காட்டும் சோதனை அது. 9.8 வந்தது. மிஸ்ஸி (தாதி) அவரைத் திட்டவில்லை. "அங்கள், ஒரு நாளைக்கு எத்தனை தே?" என்று மட்டும் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். லாரிக்காரர்களுக்கு தே என்பது பானம் இல்லை, நிறுத்தம். எங்கே வண்டி நின்றாலும் ஒரு தே. ஆறவில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் முடிச்சுப் போட்டு, உறிஞ்சு குழாய் செருகி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதில் ஊற்றும் டின் பாலில் பாதிக்குப் பக்கம் சீனிதான். மலிவு டின்களில் பால் என்பதே பேருக்குத்தான். செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்ந்த கிரீமர் அது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் அரசாங்கம் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025இல் அது 90 காசு. நல்லதுதான். ஆனால் அது டின்னிலும் பாட்டிலிலும் வருவதற்கு. கடையில் கண்முன்னால் கலக்குகிற தே தாரேக்கு வரியும் இல்லை, அளவும் இல்லை. அங்கே நாமே வாயைத் திறந்து "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தே) என்று சொன்னால்தான் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் ஒரேயடியாகக் கோசோங்குக்குப் போகவில்லை. முதலில் கூராங் மானிஸ் (இனிப்புக் குறைவாக), அப்புறம் பால் இல்லாமல், அப்புறம்தான் சீனி இல்லாமல். நாக்குப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கிறது. இப்போது யாராவது வீட்டில் வழக்கமான தேத்தண்ணீர் கொடுத்தால் பாயசமா என்று கேட்கிறார்.

சரி, தாப்பாவ் பொட்டலத்துக்குப் பதிலாக நான் கடைக்கு எடுத்துப்போகும் அடுக்குத் தூக்குக்கு வருகிறேன். எனக்குப் பெருமை அதில்தான்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தூக்கு இல்லாமல் வெளியே போனதே கிடையாது. அவர் விட்டுப்போன மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கு பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துலக்கிக்கொண்டு, சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்தாள். கவுண்டரில் இருந்த அண்ணன் தூக்கை வாங்கவே யோசித்தார். "இதுல எவ்வளவு போடறதுன்னு தெரியாது கா, கணக்கு வராது" என்றார். "அண்ணே, தாளில் போடுகிற அளவையே போடுங்க, காசும் அதே காசு" என்றேன். போட்டார். போடும்போதுதான் பார்க்கிறேன், ஒரு பொட்டலத்துக்குரிய சோறு மேலடுக்கில் கொள்ளவில்லை. அமுக்கி அமுக்கி வைக்கிறார். இவ்வளவையும் இத்தனை வருடமாக ஒரே ஆள் ஒரே வேளையில் சாப்பிட்டிருக்கிறார்!

அன்றைக்கு அங்கேயே பாதிச் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தூக்குக்கு ஒரு கணக்கு வைத்தேன். சின்ன அடுக்கில் சோறு. ஒன்றில் மீன் அல்லது கோழி. பெரிய அடுக்கு முழுக்கக் காய், வெண்டைக்காயோ முட்டைக்கோசோ கிடைப்பது எதுவோ அது. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" (கால், கால், பாதி) என்று கிளினிக் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறதே, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, பாதி காயும் பழமும், அதேதான். சுவரொட்டியைப் பார்த்து யாரும் சோற்றைக் குறைத்து நான் பார்த்ததில்லை. பாத்திரம் சின்னதாக இருந்தால் குறைத்துத்தானே ஆக வேண்டும். "பாஞ்சிர்" என்று கேட்டுக் குழம்பை வெள்ளமாக ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் அதோடு போனது. ஊற்றினால் தூக்கு வழியும், மோட்டார் சைக்கிள் நாறும்.

மருந்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், சாயந்தரம் நடக்கிறார். எல்லாம் சேர்ந்துதான் இப்போது எச்பிஏ1சி 7க்குப் பக்கத்தில் நிற்கிறது. தூக்கினால் மட்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

குப்பைக் கதை இது. ஒரு வேளை தாப்பாவில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: உள்ளே பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாள், குழம்புப் பை, சம்பால் பை, ரப்பர் பேண்டு, கரண்டி, எல்லாவற்றையும் போட ஒரு பெரிய பை. பழுப்புத் தாள் தாள்தானே என்று மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறார்கள். அந்தப் பூச்சும் எண்ணெயும் இருக்கிற தாளை யாரும் எடுக்க மாட்டார்கள். கொதிக்கிற புளிக்குழம்பைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதும் நல்லதில்லை. சூடும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது கூடும். கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதையெல்லாம் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தது. 2019இல் காலமான அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸை அப்போது எல்லாரும் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற மனிதர் என்றுதான் பேசினார்கள்.

பினாங்குக்காரர்கள் பிளாஸ்டிக் பை விஷயத்தில் நாங்கள்தான் முன்னோடி என்று மார்தட்டிக்கொள்வோம். உண்மைதான். 2009இல் திங்கள்கிழமைகளில் பை இலவசமில்லை என்று தொடங்கி, 2011இல் எல்லா நாளும் என்று ஆக்கினார்கள், அப்போது ஒரு பைக்கு 20 காசு. ஆனால் அது உறைத்தது பேரங்காடியில்தான். பைக்குக் காசு கொடுக்க மனசு வராமல் கையில் முட்டையை அணைத்துக்கொண்டு வருகிற அதே ஆள், பக்கத்துக் கடையில் ஐந்து குழம்புப் பை வாங்குகிறார்.

இதெல்லாம் எங்கே போகிறது என்று என் தங்கையைக் கேளுங்கள். அவள் நிபோங் திபால் பக்கம் இருக்கிறாள். பூலாவ் பூரோங் குப்பை மேடு அங்கேதான். 2022 ஜனவரியில் அது பற்றிக்கொண்டது. மேலே அணைத்தால் அடியில் புகைகிறது. பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்து அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாப்பாட்டுக் கழிவுதான். அது காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. அதைக் குப்பை மேட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

நான் செய்வது சாதாரணம். காலியான பெயிண்ட் வாளியில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை. காய்த்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. ஒரு கை ஈரக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலை அல்லது கிழித்த செய்தித்தாள். சமைத்த சோறு, மீன் முள் போடுவதில்லை. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் தாள் போட வேண்டும். நம் சூட்டுக்கு இரண்டு மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும். கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு வந்தால் அபராதம், அதைவிட டிங்கி. அந்த மண்ணில் பண்டான், கறிவேப்பிலை, தண்டுக்கீரை வைத்திருக்கிறேன். பாசாரில் வாங்கும் கங்கோங் கீரையின் அடித்தண்டைச் செருகினாலே துளிர்க்கிறது. இதனால் மாதச் செலவு பெரிதாகக் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கறிவேப்பிலை வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வாளியை முதலில் வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழு நோட்டீஸ் ஒட்டியது. தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழியாம். நியாயம்தான், உள்ளே துணி காயப்போடும் இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கீழே லிப்ட் வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன கிழிந்த சோபா மாதக்கணக்கில் கிடந்தது, அதற்கு நோட்டீஸ் இல்லை. பினாங்கில் 2016 முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலும் மறுசுழற்சித் தொட்டிகள் இருக்கின்றன, அழகான நிறங்களில். மூன்றிலும் ஒரே குப்பை. பராமரிப்புக் காசு ஒரு மாதம் தாமதமானால் கார் நிறுத்தும் அட்டை வேலை செய்யாது, அதில் மட்டும் எல்லாரும் படு சுறுசுறுப்பு. பொதுக்கூட்டத்தில் கேட்டால் "அக்கா, முதலில் லிப்ட்டைச் சரி செய்வோம்" என்கிறார்கள். லிப்ட்டும் சரியாகவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதை வேறு எங்கே போய்ச் சொல்வது?

இன்னொன்று. இந்த மாதிரிப் பதில்களில் யாருமே எழுதாத விஷயம். தூக்கைக் கழுவுவது யார்? வாளியைக் கிளறுவது யார்? துணிப்பையை ஞாபகமாக எடுத்து வைப்பது யார்? நம் வீடுகளில் "பசுமை வாழ்க்கை" என்றால் அம்மாவுக்கோ மனைவிக்கோ இன்னொரு ஷிப்ட் என்று பொருள். கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனார், "அண்ணி, உனக்கு நேரம் இருக்கு, செய்யறே" என்றாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவளிடம்! எங்கள் வீட்டில் தூக்கில் சாப்பிட்டவர்தான் தூக்கைக் கழுவ வேண்டும். அவர் முதலில் முனகினார், இப்போது சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டால் நன்றாக மின்னுகிறது என்று எனக்கே பாடம் எடுக்கிறார். நீங்கள் ஆணாக இருந்தால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

முழுக்கச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், எங்களாலேயே முடியவில்லை. வேலை நாட்களில் ராத்திரிச் சாப்பாடு பாதி நாள் கடைதான், தூக்கில் வருகிறது. நான் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், அதையும் குற்றம் சொல்ல இரண்டு பேர் வருவார்கள், வரட்டும்.

தூக்கு இல்லையென்றால் லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடைகளில் பாருங்கள். புதிதுதான் வேண்டும் என்பதில்லை, அம்மா வீட்டுப் பரணை முதலில் தேடுங்கள். மூன்றடுக்குப் போதும், நான்கு வாங்கினால் நாலாவதிலும் சோறு வந்துவிடும். கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், ஒழுகினால் வாங்க வேண்டாம். நாசி கண்டார் கடைக்கு மத்தியானக் கூட்டத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று மணிக்கு மேல் போனால் அண்ணன்மாருக்கும் பொறுமை இருக்கும், நிதானமாகக் காய் கேட்டு வாங்கலாம்.