கறுப்புத் துணியில மார்க் பண்றது எப்படி? கீழக்கரை லாத்தாட்ட (அக்காட்ட) கேளுங்க

மண்டபத்துலருந்து: அக்கா, புர்கா தைக்கிற கறுப்பு நிதா துணியில சாக்ல கோடு போட்டு மடிச்சு வச்சேன், மறுநாள் பாத்தா கோட்டையே காணோம்.

பதில்: நிதா வழுக்குற துணிம்மா, பொடி நிக்காது. அதோட நம்ம கடக்கரை காத்துக்கு சாக்பீஸ் நமத்துப் போயிரும், நான் அரிசி டப்பாவுல தான் போட்டு வைப்பேன், ஒரு தடவ மாமி அரிசியோட சேத்து அள்ளி உலையில போட்டுட்டாங்க, அது தனிக்கதை. சோப்பு சில்லு எடுங்க. குளிச்சு தேஞ்ச வெள்ளை சோப்ப ஒரு வாரம் காய வச்சு ஓரத்த பிளேடால சீவிட்டா மெல்லிசா கோடு விழும், அலசுனா போயிரும். க்ரீம் கலந்த சோப்பு மட்டும் வேணாம், எண்ணெப்பசை தங்கும்.

பாம்பன்லருந்து: மெழுகு சாக் போடலாமா?

பதில்: பாலியஸ்டர்ல போடாதீங்க. அயர்ன் பட்டா உருகி உள்ள இறங்கிரும்.

தொண்டியிலருந்து: லாத்தா, சூடு பட்டா மறையுற பேனா?

பதில்: 60 டிகிரி சூட்டுல மை மறையும், மைனஸ் 10க்கு கிட்ட போனா திரும்ப தெரியும். அந்தக் குளிரு நமக்கு ஏது? ஆனா கறுப்புல மறைஞ்ச எடம் வெளிறிப்போன கோடா நிக்கும், நானே ஒரு புர்கா கைய அப்படி கெடுத்து புதுசா வெட்டிக் குடுத்தேன். வெட்டுன துண்டுல போட்டுப் பாக்காம தொடாதீங்க.

ராமேஸ்வரத்துலருந்து: வெல்வெட் ஜாக்கெட்டுக்கு டாட் (உடம்போட ஒட்டி நிக்க தைக்கிற மடிப்பு) புள்ளி எப்படி வைக்க?

பதில்: வெல்வெட்டுக்கு நூல் தான். ரெண்டு துணியையும் ஒண்ணா வச்சு மேல அளவுக்கு வெட்டுன பேப்பர ஊசியால குத்திக்கங்க. வெள்ளை நூல டபுளா கோத்து, முடிச்சு போடாம, புள்ளியில ஒரு குத்து, அதே எடத்துல இன்னொரு குத்து, நடுவுல சுண்டுவிரல் நுழையுற அளவு வளையம். வளையத்த வெட்டிட்டு பேப்பர உருவுங்க, அப்புறம் ரெண்டு துணியையும் மெல்ல விலக்கி நடு நூல கத்தரிச்சா ரெண்டுலயும் குஞ்சம் மாதிரி நிக்கும். தச்சு முடிச்சு பிடுங்கிரலாம். அவசரப்பட்டு இழுத்தா மொத்தமும் கையோட வந்துரும், பாத்துக்கங்க.

தேவிபட்டினத்துலருந்து: உள்பக்கம் வெளிப்பக்கமே தெரியல அக்கா.

பதில்: வெட்டுன உடனே ஒவ்வொரு துண்டுலயும் உள்பக்கத்துல செல்லோடேப் ஒரு துணுக்கு ஒட்டிருங்க. வெல்வெட்டுல வேணாம், தையல் விடுற ஓரத்துல ஊசி குத்துங்க. டியூப்லைட்ட நம்பாதீங்க, பகல்ல ஜன்னல் பக்கம் உக்காந்து வெட்டுங்க.

பெருநாள் புர்கா 6 அப்படியே கெடக்கு, மிச்சத்துக்கு ராத்திரி வந்து சொல்றேன்.