அரைப்புள்ளிக்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அப்பா காலமானார். புற்றுநோய். அடக்க ஆராதனையில் போதகர் 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்ற வசனத்தை வைத்து அரைமணி நேரம் பேசினார். அப்பா ஆலயத்துக்குப் போவார், ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. அவர் செய்த நன்மைகள் பதினொன்றை எண் போட்டுக் கீழே எழுதியிருக்கிறேன். அவருக்கு ரட்சிப்பு உண்டா? அந்த நோய் எந்தப் பாவத்துக்கான சம்பளம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பதினொன்றையும் படித்தேன். ஏழாவதை, காய்ச்சலில் கிடந்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விடியும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, இரண்டு தடவை படித்தேன்.

ஞானஸ்நானம் பற்றிச் சபைக்குச் சபை ஒரு பதில் சொல்வார்கள், அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம், இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார் அவர்; அந்தக் கள்ளன் எந்தத் தண்ணீரில் இறங்கினான்? நோயும் அப்படித்தான். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அவரே இல்லை என்றும் சொல்லிவிட்டு, நீங்கள் மனந்திரும்புகிற வழியைப் பாருங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். உங்கள் போதகர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது அந்தச் 'சம்பளம்'தான். உங்கள் போதகர் எடுத்த அந்த வசனம் ரோமர் 6:23. அதில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஒப்சோனியா, படைவீரனுக்குக் கொடுக்கும் படிப்பணம். 'உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்' என்று யோவான்ஸ்நானன் போர்ச்சேவகரிடம் சொல்கிற இடத்திலும் இதே சொல்தான். பாவத்துக்குச் சேவகம் பார்த்தால் அது கொடுக்கிற கூலி சாவு என்கிறார் பவுல். அதோடு வசனம் முடியவில்லை. தமிழ் வேதாகமத்தில் அங்கே ஒரு அரைப்புள்ளி இருக்கிறது. அப்புறம்தான் 'தேவனுடைய கிருபைவரமோ' என்று தொடங்கி நித்தியஜீவனுக்கு வருகிறார். நீதியின் சம்பளம் ஜீவன் என்று எழுதியிருந்தால் இரண்டு பாதியும் பொருத்தமாக அமைந்திருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. கிறிஸ்துவுக்குள் கிடைப்பதைச் சொல்லும்போது கூலி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அழுதுகொண்டிருக்கிறவர்கள் முன்னால் அரைப்புள்ளியிலேயே நிறுத்திக்கொள்கிற ஆளுக்கு வாய் இருக்கிற அளவுக்கு மனசு இல்லை. சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? அப்பாவுக்கு வரவேண்டிய பாக்கி என்று பதினொரு வரி எழுதி அனுப்புகிறீர்கள். போதகர் பற்றில் எழுதினார், நீங்கள் வரவில் எழுதுகிறீர்கள், நோட்டு ஒன்றுதான். கோபம் வந்தால் வரட்டும்.

என் அம்மா கிடந்த கடைசி வாரத்தில் ஜெபிக்க வந்த ஒருவர், 'அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு, அதான் இழுத்துக்கிட்டே இருக்கு' என்றார், அம்மாவின் காதில் விழும்படியே. எழுந்து போங்கள் என்று சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அந்த நாற்காலியை நினைத்தால் கூசுகிறது. அவர் போனபிறகு அம்மா போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே, தங்கையோடு பேசாமல் இருந்த வருஷங்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் லூக்கா 15ஐ, கெட்ட குமாரன் கதையை, எடுத்து வாசித்தேன். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுப் பன்றிகளோடு கிடக்கிற இளைய மகன், திரும்பிப் போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறான்: நான் பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.' தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். மகன் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத் தொடங்குகிறான். அதற்குள் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான் தகப்பன். நான் வாசித்துக்கொண்டே போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கூலிக்காரன்னு சொல்லவே விடலையே அவரு."

திருப்பிப் பார்த்தேன். ஆமாம், அந்த வரி மட்டும் இல்லை. எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. மூத்தவனும் இத்தனை வருஷம் ஊழியம் செய்தேனே, ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று அதே கூலிக் கணக்கோடுதான் வீட்டுக்கு வெளியே நிற்கிறான். அம்மா அப்புறம் தூங்கிவிட்டாள், போர்வை ஓரம் மடித்தபடியே இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு இது பதிலா என்று தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் அப்பாவைப் பற்றி எழுதுங்கள். எண் போடாமல் எழுதுங்கள்.