சாந்தியாகோவில் ஒரு மெக்சிகோ வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 ஏப்ரலில் எக்வடார் போலீஸ் கீட்டோவிலுள்ள மெக்சிகோ தூதரகத்துக்குள் புகுந்து, முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸைப் பிடித்துச் சென்றது. மெக்சிகோ உடனே உறவை முறித்தது. ஊழல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு எதற்குத் தஞ்சம்? 1973இல் ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குத் தப்பிய சிலிக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததும் அன்றைய மெக்சிகோ அதிபர் எச்செவெரியா தன் கறையைக் கழுவிக்கொள்ளத்தானே? உறவை முறிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஜி.

அன்புள்ள ஜி.,

கிளாஸை விட்டுவிடுவோம். அவர் குற்றவாளியா, பழிவாங்கப்பட்டவரா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வழக்காடலாம். போலீஸ் தூதரகத்துக்குள் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் சிலி வரியைப் படித்துத்தான். கல்லூரி விடுதியில் நான் மிகவும் மதித்த மூத்த நண்பர் ஒருவரும் இதையே சொல்வார். விளக்கணைத்த பிறகும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டை எனக்குள் இன்னும் ஓயவில்லை.

எச்செவெரியா யாரென்று எனக்கும் தெரியும். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுடப்பட்டபோது அவர் உள்துறைச் செயலர். 1971 ஜூன் 10 அன்று மெக்சிகோ நகரத் தெருவில் மறுபடி மாணவர்கள் கொல்லப்பட்டபோது அதிபர். சரி, 1973 செப்டம்பரில், சிலி அதிபர் அயெந்தேயைக் கவிழ்த்த தளபதி பினோசெட்டின் ராணுவத்துக்குப் பயந்து, கைக்குழந்தையோடு சிலித் தலைநகர் சாந்தியாகோவிலுள்ள மெக்சிகோ தூதரகத்துக்கு ஓடிவந்தவள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டா கதவைத் தட்ட வேண்டும்?

அப்போது அங்கே தூதராக இருந்தவர் கொன்சாலோ மார்த்தினெஸ் கொர்பலா. படிப்பால் பொறியாளர். கொல்லைப்புறம்வரை ஆட்கள் நிறைந்த நேரத்தில் அயெந்தேயின் மனைவி ஒர்தென்சியா புஸ்ஸியை விமானத்தில் மெக்சிகோ கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயே இருந்திருக்கலாம். சாந்தியாகோவுக்குத் திரும்பி வந்தார். மருத்துவமனையில் கிடந்த சிலிக் கவிஞர் நெரூதாவை அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். பயணத்தை 24ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார் நெரூதா. 23ஆம் தேதி இரவு இறந்துபோனார்.

நெரூதாவும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவர்தான். 1939இல் ஸ்பெயின் அகதிகள் 2,000 பேருக்கு மேல் வின்னிபெக் கப்பலில் சிலிக்கு வந்து சேர வழிசெய்தவர் அவர். அப்புறம் மெக்சிகோவில் சிலியின் கான்சல் ஜெனரலாக இருந்தபோது மெக்சிகோ ஓவியர் ஸிகெய்ரோஸ் சிலிக்குப் போக விசா கொடுத்தார். ஸிகெய்ரோஸ், மெக்சிகோவில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் வீட்டைத் துப்பாக்கியோடு தாக்கிய ஆள்! அவர்தான் சிலியின் சிய்யான் நகரில், 1939 பூகம்பத்துக்குப் பிறகு மெக்சிகோ கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தின் சுவர்களில் ஓவியம் வரைந்தார். கொடுத்தவன் சுத்தமானவனா, வாங்கியவன் சுத்தமானவனா என்று கேட்டுக்கொண்டே போனால் எந்தத் தூதரகமும் யாருக்கும் கதவு திறக்காது. திறக்காத கதவுக்கு வெளியே சாகிறவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை ஜி.

முறிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். மெக்சிகோ ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த உடனே சிலியோடு முறித்துக்கொள்ளவில்லை. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்கள் பத்திரமாக நாட்டைவிட்டு வெளியேற பினோசெட்டின் அரசுதான் அனுமதி தர வேண்டும். அந்த அரசோடு பேசியாக வேண்டும். பேசினார்கள், காத்திருந்தார்கள். 1974 நவம்பரில்தான் முறித்தார்கள். பினோசெட் பதவியிலிருந்து போய், அய்ல்வின் அதிபரான 1990 மார்ச்சில்தான் உறவு திரும்பியது. ஆத்திரத்தை அவ்வளவு மாதம் அடக்கி வைத்திருந்ததால் எத்தனையோ பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் கேட்ட லாபம் அதுதான்.

எச்செவெரியாவை விசாரிக்க வேண்டுமா? தாராளமாக. அவர் ஆட்சியில், 1975இல் மகன் காணாமல்போய், கடைசிவரை தேடியலைந்த ரொசாரியோ இபார்ராவின் பக்கம் நின்று விசாரியுங்கள். நானும் வருகிறேன். தப்பி வந்த சிலிக்காரர்களை அந்த வழக்குக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

அடிக்கடி எழுதுங்கள்.