வாசகர் கேள்வி–பதில்: செல் பெருகுகிறது, மருந்துச் சத்து ஏன் பெருகவில்லை?

கேள்வி: நித்தியகல்யாணி இலையிலிருந்து கேலஸ் (உறுப்பாக மாறாத செல் கூட்டம்) எடுத்து, எம்.எஸ். மீடியா என்ற ஊட்டக் கரைசலில் சஸ்பென்ஷனாக (திரவத்தில் மிதக்கும் செல்லாக) வளர்க்கிறேன். சர்க்கரை 3 சதவீதம், 2,4-டி என்ற செயற்கை ஹார்மோன் லிட்டருக்கு 1 மில்லிகிராம். செல் அருமையாகப் பெருகுகிறது. ஆனால் மருந்துச் சத்தான அஜ்மலிசின் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?
— எம்.எஸ்சி. மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தவறு எதுவும் இல்லை. செல்லுக்குப் பெருகு என்று சொல்லியிருக்கிறீர்கள், அது பெருகுகிறது. 2,4-டி இருக்கும்வரை செல் பிரிந்துகொண்டே இருக்கும். அஜ்மலிசின் போன்ற ஆல்கலாய்டு தயாரிக்கும் நொதிகள் அடங்கியே கிடக்கும். எனவே வளர்ப்பதையும் சுரக்கவைப்பதையும் இரண்டு மீடியாவாகப் பிரித்துவிடுங்கள்.

இப்போதுள்ள மீடியாவில் 7 நாள் வளருங்கள். 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம், ஆக்சிஜன் போதாது. ஷேக்கர் நிமிடத்துக்கு 110 சுற்று, வெப்பம் 25 டிகிரி. பிறகு கிருமி நீக்கிய நைலான் வலையில் செல்லை வடிகட்டி, ஹார்மோன் இல்லாத மீடியாவால் இரண்டு முறை அலசி, சுரப்பு மீடியாவுக்கு மாற்றுங்கள். அதில் 2,4-டி கிடையாது, சர்க்கரை 5 சதவீதம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை விட்டுவிடலாம். எம்.எஸ்.ஸில் அது லிட்டருக்கு 170 மி.கி. இருக்கிறது, பாஸ்பேட் தாராளமாக இருந்தால் செல் மறுபடி பிரியப் போய்விடும். 50 மி.லி.க்கு 5 கிராம் ஈரச் செல் போடுங்கள். குறைத்துப் போட்டால் செல் முடங்கிக் கிடக்கும். 10 முதல் 14 நாளில் அறுவடை.

இரண்டு இடங்களில் வழுக்கும். அலசினாலும் செல்லுக்குள் புகுந்த 2,4-டி முழுதாக வெளியேறாது. அதனால் முதல் சுற்றில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள், 2,4-டிக்குப் பதில் என்.ஏ.ஏ. என்ற வேறொரு ஹார்மோன் சேர்த்த மீடியாவில் ஒரு சப்கல்ச்சர் (புது மீடியாவுக்கு மாற்றி வளர்ப்பது) கடந்த செல்லை வைத்து மறுபடி பாருங்கள். இன்னொன்று, வெளிச்சம். வெளிச்சத்தில் அஜ்மலிசின் செர்பென்டின் என்ற இன்னொரு ஆல்கலாய்டாக மாறிவிடும். அஜ்மலிசின்தான் வேண்டுமென்றால் குடுவையை இருட்டில் வையுங்கள்.

கேள்வி: மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற தூண்டியை (செல்லைச் சுரக்கவைக்கும் பொருள்) 100 மைக்ரோமோலார் போட்டேன். செல் பழுப்பாகிச் செத்தது. அதைவிட வேடிக்கை, ஒன்றும் போடாத கன்ட்ரோல் குடுவையிலும் ஆல்கலாய்டு கூடியிருக்கிறது!
— ஆய்வு மாணவர், கோவை

பதில்: கன்ட்ரோல் கதையை முதலில் முடித்துவிடுவோம். மீத்தைல் ஜாஸ்மோனேட் ஆவியாகும் பொருள். ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். வாசம் வருகிறதென்றாலே ஆவி கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சடைப்பைத் தாண்டிப் பக்கத்துக் குடுவைக்குள் போய்விடும். கன்ட்ரோலை வேறு ஷேக்கரில், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள். இதே காரணத்தால் ஆட்டோகிளேவும் செய்யக்கூடாது.

செல் செத்ததற்குப் பெரும்பாலும் அளவு காரணமாக இருக்காது, போட்ட விதமே காரணம். சுத்தமான ஜாஸ்மோனேட் எண்ணெய்ப் பதம். நேரே விட்டால் தண்ணீரில் கரையாமல் சொட்டாக மிதந்து, தொட்ட செல்லைப் பொசுக்கும். 22.4 மி.கி.யை 1 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். இது 100 மில்லிமோலார். 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். வடிகட்டி எத்தனாலைத் தாங்கும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 50 மி.லி. கல்ச்சருக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டால் 100 மைக்ரோமோலார் வரும், எத்தனாலும் 0.1 சதவீதத்தோடு நிற்கும். கன்ட்ரோலுக்கும் அதே 50 மைக்ரோலிட்டர் வெறும் எத்தனால் விட வேண்டும். பலர் விடுவதில்லை; அப்புறம் கிடைத்தது ஜாஸ்மோனேட்டின் பலனா எத்தனாலின் பலனா என்று தெரியாது.

எந்த நாளில் போட்டீர்கள் என்று எழுதவில்லை. 2ஆம் நாள் போட்டால் செல் பிரிவது அப்படியே நின்றுவிடும், எடை ஏறாது. வளர்ச்சி வேகம் தணியத் தொடங்கும் நேரம் பார்த்துப் போட வேண்டும். 14 நாள் சுழற்சியில் அது சுமார் 7ஆம் நாள். 10, 50, 100, 200 மைக்ரோமோலார் என நான்கு அளவு வைத்து, 24, 48, 72, 96 மணி நேரத்தில் மாதிரி எடுங்கள். உச்சம் தொட்டபின் அளவு இறங்கும். ஒரு சொட்டுச் செல்லை எவன்ஸ் ப்ளூவில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமேறாது. பழுப்பாகத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடும். பழுப்பு என்பது ஃபீனால் சுரந்ததன் அடையாளமும்தான்.

கேள்வி: தூண்டி போட்டதில் கிராமுக்கு இரண்டு மடங்கு சத்து. இதை வெற்றி என்று எழுதலாமா?
— பேராசிரியர், திருச்சி

பதில்: லிட்டருக்குக் கணக்குப் போட்டபின் எழுதுங்கள். ஓர் உதாரணம்: கன்ட்ரோலில் லிட்டருக்கு 12 கிராம் உலர் செல், கிராமுக்கு 0.5 மி.கி. சத்து. ஆக 6 மி.கி. தூண்டி போட்டதில் கிராமுக்கு 1 மி.கி., ஆனால் செல் 7 கிராம்தான். ஆக 7 மி.கி. இரண்டு மடங்கு எங்கே போயிற்று? மீடியாவில் கசிந்ததையும் அளந்து சேர்க்க மறக்காதீர்கள். சர்க்கரை கூடிய மீடியாவில் செல் மாவுச்சத்தைச் சேர்த்து உலர் எடையை ஏற்றிக்காட்டும், அதிலும் கவனம்.

கேள்வி: நாங்கள் மானாவாரியில் நித்தியகல்யாணி போடுகிறோம். ஆய்வகத்திலேயே மருந்து எடுத்துவிட்டால் எங்கள் இலையை யார் வாங்குவார்கள்?
— விவசாயி, விளாத்திகுளம்

பதில்: புற்றுநோய்க்குத் தரும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் கேதரான்தின், வின்டோலின் என்ற இரு பாதிகள் இணைந்து வருபவை. கேதரான்தினைக் குடுவைச் செல் தரும். வின்டோலின்தான் முரண்டு பிடிக்கிறது. அதன் கடைசிப் படிகள் இலைக்குள் இருக்கும் பால்குழல் செல்களிலும் அவற்றை ஒத்த தனிச் செல்களிலும் நடக்கின்றன. கேலஸ் என்பது இலையாக மாறாத வெறும் செல் கூட்டம். அதில் அந்தச் செல்கள் கிடையாது. எந்தத் தூண்டி போட்டாலும் இல்லாத அடுப்பில் சோறு வேகாது. நீங்கள் போட்டியாகக் கவனிக்க வேண்டியது ஈஸ்ட்டை. ஜீன்களை ஏற்றிய ஈஸ்ட்டில் இரு பாதிகளையும் தயாரித்து, பிறகு வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்ததை 2022-இல் வெளியிட்டார்கள். அது இன்னும் உங்கள் காட்டைத் தொடும் அளவுக்கு வளரவில்லை.

கேள்வி: செல் வளர்ப்பில் தொழிற்சாலை அளவில் ஜெயித்தவர்கள் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் 1983-இல் சிகோனின் என்ற செந்நிறச் சத்தைச் செல் வளர்ப்பில் எடுத்து விற்றது. உதட்டுச் சாயத்தில்கூடப் போட்டார்கள். சிகோனின் தரும் செடியின் வேரில் சில ஆண்டுகள் கழித்து 1, 2 சதவீதம் சேருவது, செல்லின் உலர் எடையில் 14 சதவீதத்தைத் தாண்டியது. வளர்ச்சித் தொட்டி ஒன்று, சுரப்புத் தொட்டி ஒன்று. இரண்டாம் தொட்டியில் அம்மோனியம் கிடையாது, நைட்ரேட் மட்டும். அம்மோனியம் இருந்தால் சிகோனின் சுரக்காது. தாமிரத்தைக் கூட்டினார்கள். வெளிச்சம் பட்டாலும் சுரப்பு நின்றுவிடும். பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்து எடுத்துவந்த புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்சலும் இன்று செல் வளர்ப்பில் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஃபைட்டன் நிறுவனத்தின் தொட்டிகள் 75,000 லிட்டர் வரை கொள்ளும்.

கேள்வி: ஒரு வருடமாக சப்கல்ச்சர் செய்த லைனில் சத்து படிப்படியாகக் குறைகிறது. காப்பாற்ற வழி?
— ஆய்வக உதவியாளர், சென்னை

பதில்: ஒவ்வொரு சப்கல்ச்சரிலும் வேகமாகப் பெருகும் செல்லே முந்துகிறது, சுரக்கும் செல் மெதுவாகப் பெருகுவது, பின்தங்கிப் போகிறது. கேலஸைத் தட்டில் சிறு சிறு துண்டாகப் பரப்பி, புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். செர்பென்டின் உள்ள துண்டு நீலமாக ஒளிரும். அதைப் பொறுக்கி வளர்த்தால் கொஞ்ச காலம் மீளும், பிறகு மறுபடி சரியும். நிலையான பலன் வேண்டுமென்றால் ஹேரி ரூட்டுக்கு (பாக்டீரியா தூண்டி வளரவைக்கும் வேர் வளர்ப்பு) மாறுங்கள். அக்ரோபாக்டீரியம் ரைசோஜெனிஸ் என்ற பாக்டீரியாவில் தோய்த்த ஊசியால் இலை நரம்பைக் கீறி, 2 நாள் இருட்டில் வைத்து, பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிம் லிட்டருக்கு 500 மி.கி. சேர்த்த மீடியாவுக்கு மாற்றினால் சில வாரங்களில் வேர் முளைக்கும். ஹார்மோன் தேவையில்லை. பாக்டீரியா முழுதாகச் செத்ததா என்பதை, செஃபோடாக்சிம் இல்லாத மீடியாவில் வளர்த்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். அவசரப்பட்டால் இரண்டே நாளில் குடுவை கலங்கிவிடும்.