பையன் வளர்ந்துவிட்டான், டூர் வளரவில்லை

கேள்வி: பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு முதுமலைக்குப் போய்வருகிறோம். தெப்பக்காடு யானை முகாம், வனத்துறை வேனில் சவாரி, மசினகுடியில் ஒரு ரிசார்ட், திரும்பும்போது ஊட்டி. இரண்டு பேரும் துள்ளிக் குதிப்பார்கள். இப்போது மகன் பிளஸ் ஒன், மகள் எட்டாம் வகுப்பு. போன வருடம் வேனில் தலை நிமிராமல் செல்போனையே பார்த்துக்கொண்டு வந்தான். இந்த வருடம் "நீங்க போயிட்டு வாங்க, நான் அமுச்சி வீட்டுல இருந்துக்கறேன்" என்கிறான் (அமுச்சி என்றால் என் அம்மா). அண்ணன் வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்கிறாள் மகள். ஒரு தடவையாவது எல்லாரும் சேர்ந்து புலியைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்த இவர்கள் அப்பாவுக்கு ரொம்ப வருத்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இயற்கைமேல் பற்றே இல்லையா? செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டாவது கூட்டிப் போகலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் பிடுங்கலாம். செல்போன் உங்கள் கைப்பையில் இருக்கும், மகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவான். அப்புறம் தூக்கத்தைப் பற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

உங்கள் பட்டியலை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முகாம், வேன், ரிசார்ட், ஊட்டி. மகனுக்கு நாலு வயதாக இருந்தபோது போட்ட திட்டம் அது. இடையில் அவன் குரல் உடைந்துவிட்டது, மீசை அரும்பிவிட்டது, திட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. எல்.கே.ஜி. புத்தகத்தையே பிளஸ் ஒன்னிலும் கையில் கொடுத்துவிட்டு, பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொன்னால் எப்படி?

நாலு வயதுக்கு அது அருமையான திட்டம்தான், மறுக்கவில்லை. தெப்பக்காட்டில் யானைகளுக்குத் தீனி கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேழ்வரகு, கொள்ளு, அரிசி என்று வேகவைத்து வைத்திருப்பார்கள். எந்த யானைக்கு எது எவ்வளவு என்று கணக்கு உண்டு. வெல்லம், உப்பு, தேங்காய் சேர்த்துப் பிசைந்து, தேர்வடம் இழுக்கிற கை மாதிரி கனத்த கையால் பாகன் பெரிய உருண்டையாகப் பிடிப்பார். யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கும், உருண்டையை உள்ளே வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுப்பார். அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, யானையோடு சேர்ந்து தானும் வாயைத் திறக்கும். அந்த வயதுக்கு அது போதும்.

பதினாறு வயதுக்குப் போதாது. ஆனால் அதே முகாமில் பதினாறு வயதுக்கான கதையும் இருக்கிறது, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மூர்த்தி என்று ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, அங்கே இருந்தது. கூடலூர்ப் பக்கமும் கேரளத்திலும் பலரைக் கொன்ற யானை. 1998-ல் அதைப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் காயம். வைத்தியம் பார்த்தவர்களில் முக்கியமானவர் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, அவர் பெயரைத்தான் யானைக்கும் வைத்தார்கள். ஆளைக் கண்டாலே துரத்தியது முகாமிலேயே மிகவும் சாதுவான யானை என்று பெயரெடுத்து, 2024-ல் இறந்தது. கொலைகார யானை என்று முத்திரை குத்தப்பட்டதைச் சுட்டுக் கொல்லாமல் பிடித்தது சரியா? மரக்கூண்டில் அடைத்துப் பழக்கியது சரியா? செத்தவர்கள் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? வளர்ந்த பையன் இதற்கெல்லாம் உங்களோடு மல்லுக்கு நிற்பான். "ஐ, யானை பாரு!" என்றால் நிற்கமாட்டான்.

ரிசார்ட் விஷயத்துக்கு வருகிறேன். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி, யானைகள் இடம் மாறிப் போகும் பாதை. அந்த வழித்தடத்தை மீட்பதற்கான அரசின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் ஏற்றது. 2018-ல் அங்கிருந்த ரிசார்ட்டுகளை மூடி முத்திரை வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் உறுதி செய்தது. நீங்கள் தங்குகிற இடம் அந்த வரைபடத்தில் எங்கே வருகிறது என்று மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை நாள் தலை நிமிரமாட்டான். செல்போனில்தான், ஆனால் காட்டைப் பற்றி.

போகிற வழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரங்களைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்று வண்டியை நிறுத்திப் படம் எடுத்திருப்பீர்கள். அதில் பலது மஞ்சக்கொன்னை. சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்பது தாவரவியல் பெயர். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகவும் விறகுக்காகவும் வந்த மரம். அது பரவிய இடத்தில் புல் வளராது, புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை. வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது, வெட்டிய மரம் காகித ஆலைக்குப் போகிறது. கீழே புதர் புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடியும் வந்தேறிதான். வெளியே பச்சைப் பசேல் என்று தெரிவதெல்லாம் நல்ல காடு அல்ல என்று தெரிந்துகொள்ள ஒரு வயது வரவேண்டும். உங்கள் மகனுக்கு அந்த வயது வந்துவிட்டது. உங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, "குடும்பத்தோடு வரமாட்டேன் என்கிறான்" என்ற புலம்பல். இத்தனை வருடம் யானையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஒன்றைக் கவனித்தீர்களா? கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அம்மா, சித்தி, பெரியம்மா, அக்கா, தங்கை என்று பெண்கள் கடைசிவரை சேர்ந்தே இருப்பார்கள். ஆண் கன்று பத்துப் பதினைந்து வயதுக்குள் மெல்ல விலகத் தொடங்கும். முதலில் கூட்டத்தின் ஓரத்தில் மேயும், இரண்டு நாள் காணாமல் போகும், திரும்பி வரும், அப்புறம் தன் வயதுக்காரர்களோடு திரியும். எந்தத் தாய் யானையும் அதற்காகப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.

அவன் அமுச்சி வீட்டிலேயே இருக்கட்டும். இந்த மே மாதம் அவனை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று கேட்டால், தேதியையும் இடத்தையும் அவனிடம் ஒப்படையுங்கள். ஊட்டி சீசனில், இ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வரிசையில் ஊர்ந்து போய்த்தான் காட்டைப் பார்க்கவேண்டும் என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் இந்திரா காந்தி தேசியப் பூங்கா, மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா. உங்கள் கடிதப்படி நீங்கள் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பங்கு உண்டு. கடலுக்குள் ஒரு தேசியப் பூங்கா, அதில் காணாமல் போன தீவுகள் என்று சொன்னால் நிமிர்ந்து பார்க்கிற வயது பதினாறு.

ஈரோட்டுக்காரர்களுக்குப் பக்கம் என்றால் ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப். பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக ஏறவேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி மலையிலிருந்து கீழே சரித்துவிட்ட இடம். காடு மொட்டையானபின் அதை மறுபடி வளர்க்கப் பாடுபட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கோட்டுப் பையில் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடப்பார் என்பார்கள். 1933-ல் இறந்தவரின் கல்லறை அந்தக் காட்டிலேயே இருக்கிறது. "என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்" என்று லத்தீனில் எழுதியிருக்கும். பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அது முக்கியம். "தேக்கை மட்டும் வரிசையாக நட்டால் அது காடா, தோட்டமா?" என்று அவனே கேட்டால், டூர் வெற்றி.

நடக்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, கூடவே வழிகாட்டி. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள், உங்கள் மகனைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். அப்பா பத்து வருடம் சொல்லி ஏறாத விஷயம் அந்த அண்ணன் சொன்னால் ஒரே நாளில் ஏறும், இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காட்டுத்தீ பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதற்கு முணுமுணுக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேரைத் தீயில் இழந்தபின் வந்த கட்டுப்பாடு இதெல்லாம். மாமா பையனையோ சிநேகிதனையோ கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் கூடப் போகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

செல்போன்தான் எதிரி என்று இன்னமும் நினைத்தால், பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை அவனுக்குச் சொல்லுங்கள். காட்டுக்குக்கூடப் போகவேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கத்து வெள்ளோடு ஏரிக்கரை போதும். கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்டு செயலியில் ஏற்றவேண்டும். ஏற்றுவதற்குச் செல்போன் வேண்டும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புலி யாருக்கு வேண்டும்? உங்கள் கடிதத்தில் அதை ஆசைப்பட்டுக் கேட்பவர் ஒருவர்தான், உங்கள் வீட்டுக்காரர். அதில் தப்பில்லை, நல்ல ஆசைதான். அதைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்டவேண்டும்? அவரைக் கூட்டிக்கொண்டு நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். பிள்ளைகள் பிறந்த பிறகு நீங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிருக்கிறீர்களா? வேனில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கவும் ஆள் இருக்காது, "எப்போ வரும், எப்போ வரும்" என்று நச்சரிக்கவும் ஆள் இருக்காது. புள்ளிமான் திடீரென்று கூவினாலோ மரத்தின்மேல் மந்தி இருமுவதுபோல் கத்தினாலோ, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அதற்கு அப்புறமும் புலி வராமல் போகலாம். காட்டுக்கு அவரைத் தெரியாது அல்லவா?

கடைசியாக மகள். அண்ணன் வராவிட்டால் வரமாட்டேன் என்கிறாள் என்று ஒரு வரியோடு அவளை முடித்துவிட்டீர்கள். அண்ணனின் வால் என்றே அவளை எல்லாரும் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. நாலு பேர் போகும் டூரில் அவளுக்குப் பிடித்தது எது என்று நீங்களும் எழுதவில்லை. மூணாற்றை ஒட்டிய இரவிகுளத்தில் 2018-ல் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030. போன தடவை அவளுக்கு விவரம் தெரியாத வயது, அடுத்த தடவை கல்லூரிக்குப் போகிற வயது. இடைப்பட்ட வருடங்களில் வரையாடு பார்க்க ஒருமுறை அவளை மட்டும் அங்கே கூட்டிப் போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் ஆடுகள் குட்டி போடுவதால் பூங்காவை மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஆடு பிடிக்குமா, கடல் பிடிக்குமா, இல்லை அவளுக்கும் அமுச்சி வீடுதான் பிடிக்குமா? எனக்குத் தெரியாது, நீங்களும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்லுங்கள், இதே பக்கத்தில் பதில் சொல்கிறேன்.