சூத்திரம் சொன்ன நேரத்துக்கு மாரத்தானை ஏன் முடிக்க முடியவில்லை?

கேள்வி: 10 கி.மீ.யை 46 நிமிடத்திலும், ஹாஃப் மாரத்தானை 1:45-லும் ஓடியிருக்கிறேன். ஓட்ட நேரக் கணிப்பானில் போட்டால் முழு மாரத்தானுக்கு (42.2 கி.மீ.) 3:39 என்று வந்தது. அதை நம்பி கிலோமீட்டருக்கு 5:11 வேகத்தில் கிளம்பினேன். 32-வது கிலோமீட்டரில் கால் ஓய்ந்துவிட்டது, முடிக்கும்போது 3:58. முன்னணி வீரர்களுக்குச் சரியாக வரும் கணக்கு எனக்கு ஏன் பொய்த்தது? அடுத்த முறை என்ன வேகத்தில் தொடங்குவது?

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை. கணக்கில் இருந்த ஓர் எண் உங்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

பல கணிப்பான்களுக்கு அடிப்படை, அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-ல் வெளியிட்ட சூத்திரம். அதன்படி, தூரம் இரு மடங்கானால் நேரம் 2-இன் 1.06 அடுக்கு மடங்காகும். அதாவது சுமார் 2.085 மடங்கு. தூரம் கூடக்கூட வேகம் எவ்வளவு சரியும் என்பதைத்தான் அந்த 1.06 சொல்கிறது. எத்தியோப்பிய வீரர் கெனெனிசா பெகெலே 2005-ல் 10,000 மீட்டரை 26:17.53-ல் ஓடினார். அதை வைத்துக் கணக்கிட்டால் மாரத்தானுக்கு 2:00:57 வருகிறது. 2019 பெர்லின் மாரத்தானில் அவர் ஓடியது 2:01:41. நடுவில் 14 ஆண்டுகள் போய்விட்டதால் இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அவ்வளவு நெருக்கம்.

உங்கள் எண்ணை உங்கள் நேரங்களிலிருந்தே எடுக்கலாம். 1.06 உங்களுக்குப் பொருந்தினால், 46 நிமிட 10 கி.மீ.க்கு ஹாஃப் மாரத்தான் 1:41:30-ல் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்தது 1:45. அதாவது 10-லிருந்து 21 கிலோமீட்டருக்குப் போகும்போதே உங்கள் வேகம் கூடுதலாகச் சரிகிறது. உங்கள் எண் சுமார் 1.105. அதைப் போட்டால் முழு மாரத்தானுக்கு ஏறக்குறைய 3:46, கிலோமீட்டருக்கு 5:21. இரண்டு ஓட்டங்களும் சில வார இடைவெளிக்குள், முழு முயற்சியோடு, ஒத்த வெயிலிலும் பாதையிலும் ஓடியவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஆக்சிஜன் உள்வாங்கும் உச்சத் திறன், லாக்டேட் வரம்பு (இரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் வேகம்), ஓட்டச் சிக்கனம் (ஒரே வேகத்துக்கு எவ்வளவு குறைவாக ஆக்சிஜன் செலவாகிறது என்பது) என்ற மூன்றையும் வைத்து உடலியல் ஆய்வாளர் மைக்கேல் ஜாய்னர் 1991-ல் மனிதனால் மாரத்தானை 1:57:58-ல் ஓட முடியலாம் என்று கணித்தார். ஆனால் இந்த மூன்றும் பெரும்பாலும் களைப்பில்லாத உடம்பில் அளக்கப்படுபவை. மூன்றாவது மணி நேரத்தில் அவற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். முன்னணி வீரர்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் நான்கு மணி நேரம் நெருங்க ஓடுகிறீர்கள். 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தானில் சுமார் 2,700 கலோரி எரிக்கிறார்; தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் அதற்குப் போதாது. மீதியைக் கொழுப்பும் வழியில் சாப்பிடுவதும் தரவேண்டும். வேகத்தைக் கூட்டினால் கிளைக்கோஜன் இன்னும் சீக்கிரம் தீரும். 32-ல் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அதனால்தான் முதல் பாதியில் அடக்கம் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். 2023 சிகாகோ மாரத்தானில் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் முதல் பாதியை 60:48-லும் இரண்டாம் பாதியை 59:47-லும் ஓடி 2:00:35-ல் முடித்தார். 2022 பெர்லினில் இன்னொரு கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51-ல் கடந்தார். இரண்டாம் பாதிக்கு 61:18 ஆனது. உலக சாதனை படைத்த ஓட்டத்திலேயே, வேகமான தொடக்கத்துக்குப் பின் அவருக்கு ஒன்றரை நிமிடம் சரிந்தது.

சரி, உங்களுக்கு. முதல் 5 கி.மீ.யை 5:27 போல ஓடுங்கள். கூட்டம் உங்களை முந்தும், முந்தட்டும். அப்புறம் 30 வரை 5:20. அங்கே மூச்சு கட்டுக்குள் இருந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டலாம். நாள் சூடாக இருந்தால் 5:20-ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்து ஓடுங்கள். ஜெல்லை (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த ஜெல் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பதைப் பயிற்சியின் லாங் ரன்னிலேயே (நீண்ட தூர ஓட்டம்) பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வளைவுகளில் நீங்கள் ஓடும் கோடு, பாதையை அளந்த கோட்டைவிட நீளமாகவே அமையும். ஜிபிஎஸ் வாட்சும் கொஞ்சம் பிசகும். கூடுதலாக 300 மீட்டர் ஓடினால் இந்த வேகத்தில் ஒன்றரை நிமிடம் போய்விடும். எனவே வாட்சில் ஆட்டோ லேப்பை (வாட்ச் தன் ஜிபிஎஸ் கணக்குப்படி தானே லேப் நேரம் குறிப்பது) அணைத்துவிட்டு, 5 கி.மீ. பலகைகளில் நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். முதல் பலகையில் 27:15, 10-ல் 53:55, 30-ல் 2:40:35 காட்டினால் திட்டப்படி போகிறீர்கள்.